சோதிடத்துக்கு இயற்பியலில் அடிப்படை இருக்கிறதா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் மூன்று வாதங்களோடு சேர்ந்தே வருகிறது. நிலவு கடலையே இழுக்கிறது, நம் உடம்பில் 70 சதவீதம் தண்ணீர்தான், அப்படியென்றால் கிரகங்கள் நம்மைத் தொடாமல் விடுமா என்பது ஒன்று. கிரகணத்தை முன்கூட்டியே கணித்த முன்னோர் பலனை மட்டும் தவறாகவா எழுதிவைத்திருப்பார்கள் என்பது இன்னொன்று. திருநள்ளாற்றுக்கு மேலே போகும் செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிடுகின்றன என்ற செய்தி மூன்றாவது.

விடை: அப்படி ஓர் அடிப்படை இல்லை. ஆனால் அதற்குப் பலர் சொல்லும் காரணம், அதாவது கிரகங்கள் வெகுதூரத்தில் இருப்பதால் அவற்றின் விசை மிகக் குறைவு என்பது, பாதிக் காரணம்தான். அதைவிட வலுவான காரணம் ஜாதகக் கட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. கட்டத்தின் விதிகளில் ஒன்றுகூட ஒரு விசை நடந்துகொள்ளும் விதத்தில் நடந்துகொள்வதில்லை.

முன்னோர் கணிதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், அதில் பெருமைப்பட நிறைய இருக்கிறது. 1825-இல் ஜான் வாரன் என்ற ஆய்வாளர் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் சந்திர கிரகணம் கணிக்கும் முறையை நேரில் பார்த்துப் பதிவு செய்தார். காகிதமும் பேனாவும் இல்லை. தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த, எண்களைக் குறிக்கும் வாக்கியங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கணக்குப் போட்டார் அவர். அந்த ஆண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட கிரகணத்தின் தொடக்கத்தில் அவருக்கு வந்த பிழை 4 நிமிடம். நடுப்பகுதியில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். இது அசல் அறிவியல். பிழை எத்தனை நிமிடம் என்று பின்னால் வந்தவர்கள் அளந்து சொல்ல முடிகிறதே, அதுதான் அடையாளம். பலன் சொல்லும் பகுதியில் அப்படிப் பிழையை அளக்கும் வழக்கம் மரபில் இல்லை. சந்திரன் இன்ன நேரத்தில் இன்ன இடத்தில் இருக்கும் என்பது ஒரு கூற்று. அது அங்கே இருந்தால் ஒருவருக்குத் திருமணம் தாமதமாகும் என்பது வேறு கூற்று, அதற்கு வேறு சான்று வேண்டும். முதலாவது சரி என்பதால் இரண்டாவது சரியாகிவிடாது.

இனி ஈர்ப்பு விசை. பிரசவம் பார்க்கும் மருத்துவரின் ஈர்ப்பு கிரகங்களின் ஈர்ப்பைவிட அதிகம் என்று ஒரு பதில் உலவுகிறது. அப்படியே சொன்னால் அது பாதி தவறு. 70 கிலோ எடையுள்ளவர் அரை மீட்டர் தூரத்தில் நின்றால் அவரது ஈர்ப்பு, செவ்வாய் பூமிக்கு மிக அருகில் வரும்போது தரும் ஈர்ப்பைவிடச் சற்றே அதிகம். வியாழனோடு ஒப்பிட்டால் மருத்துவர் தோற்றுவிடுவார். வியாழனின் ஈர்ப்பு ஏறத்தாழ 17 மடங்கு. ஆனால் அந்த ஈர்ப்பு குழந்தையையும், கட்டிலையும், மருத்துவமனையையும், பூமி முழுவதையும் ஒரே அளவில் இழுப்பதால் குழந்தைக்கு அது தெரியவே தெரியாது. உணரக்கூடியது உடலின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே உள்ள இழுப்பின் வித்தியாசம் மட்டுமே. கடலில் ஓதத்தை, அதாவது நீர்மட்டத்தின் ஏற்ற இறக்கத்தை, உண்டாக்குவதும் அந்த வித்தியாசம்தான். அரை மீட்டர் நீளக் குழந்தைக்கு இந்த வித்தியாசத்தைக் கணக்கிட்டால், அருகில் நிற்கும் மருத்துவர் தருவது நிலவு தருவதைப் போல 4 லட்சம் மடங்கு, வியாழன் தருவதைப் போல ஆயிரக்கணக்கான கோடி மடங்கு. ஓத விசை தூரத்தின் மும்மடியில் குறைகிறது என்பதால் இப்படி.

70 சதவீதத் தண்ணீர் வாதம் இங்கேயே முடிந்துவிடுகிறது. ஓதத்துக்குத் தேவை தண்ணீர் என்ற பொருளைவிட நீண்ட பரப்பு. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் விரிந்த கடலில்தான் அந்தச் சிறு வித்தியாசம் கூடிக் கூடி மட்டம் உயர்கிறது. வட அமெரிக்காவின் பேரேரிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ளவை. அவற்றில்கூட ஓதம் 5 சென்டிமீட்டருக்குக் கீழே. கிணற்றிலோ குடத்திலோ எதுவும் அளக்கக் கிடைக்காது. இன்னொன்றையும் கவனியுங்கள். அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் கடலில் ஒரே மாதிரி பெரிய ஓதம்தான் வருகிறது. சோதிடமோ வளர்பிறைச் சந்திரனைச் சுபர் என்றும் தேய்பிறைச் சந்திரனைப் பாவர் என்றும் பிரிக்கிறது. ஓதத்தை ஆதாரமாகக் காட்டுகிறவர், ஓதத்துக்கு வளர்பிறை தேய்பிறை வேறுபாடே இல்லை என்பதையும் ஏற்க வேண்டும்.

காந்தப்புலம் என்று சொல்வோரும் உண்டு. நம் பகுதியில் பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. கிரகங்களிலேயே வலுவான காந்தம் வியாழனுடையது. தூரக் கணக்குப் போட்டால் இங்கே வந்து சேருவது ஒரு நானோடெஸ்லாவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சூரியன் விஷயம் வேறு. 1989 மார்ச்சில் சூரியப் புயல் ஒன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்சாரத்தை 9 மணி நேரம் முடக்கியது. வானத்திலிருந்து உண்மையாகவே வரும் பௌதிகத் தாக்கம் என்றால் இதுதான். அது சூரியப் புள்ளிகளையும் 11 ஆண்டுச் சுழற்சியையும் பொறுத்தது, சூரியன் நிற்கும் ராசியைப் பொறுத்ததல்ல. சூரியப் புள்ளிக்கு ஜாதகத்தில் கட்டம் கிடையாது.

திருநள்ளாறு செய்தியை ஒரு பெருக்கலில் சோதிக்கலாம். தாழ்வட்டப் பாதையில் செல்லும் செயற்கைக்கோளின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர். 3 விநாடி நின்றால் அது தன் பாதைக் கணக்கிலிருந்து 22 கிலோமீட்டர் பின்தங்கியிருக்கும். தரைக் கட்டுப்பாட்டு நிலையங்கள் எல்லாம் அதை உடனே கண்டிருக்கும். நின்றது மறுபடி அந்த வேகத்தைப் பிடிக்க இன்னொரு ராக்கெட் ஏவுதலுக்கு நிகரான எரிபொருள் வேண்டும், அது செயற்கைக்கோளில் இருக்காது. இந்தச் செய்தியில் உண்மை எதுவும் இல்லை.

இதுவரை சொன்னது விசையின் அளவு. அடுத்தது அதைவிட முக்கியம்: விசையின் நடத்தை.

எந்த இயற்பியல் விசையும் தூரத்தைக் கேட்கும், ஈர்ப்பு என்றால் நிறையையும் கேட்கும். செவ்வாய் பூமியிலிருந்து 5.6 கோடி கிலோமீட்டர் முதல் 40 கோடி கிலோமீட்டர் வரை விலகி விலகி வருகிறது. அந்த 7 மடங்கு வித்தியாசத்தில் ஈர்ப்பு 50 மடங்கும் ஓத விசை 350 மடங்கும் மாறிவிடும். ஜாதகத்தில் தூரம் எழுத இடமில்லை. பாகை மட்டுமே உண்டு. வக்கிர கிரகத்துக்கு, அதாவது பின்னோக்கி நகர்வதுபோல் தெரியும் கிரகத்துக்கு, சேஷ்ட பலம் என்று கூடுதல் வலிமை கொடுக்கிறார்களே என்று தெரிந்தவர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. செவ்வாய், குரு, சனி மூன்றும் வக்கிரத்தில் இருக்கும்போதுதான் பூமிக்கு அருகில், பிரகாசமாக இருக்கின்றன. பழைய வானியலாளர்கள் அந்தப் பிரகாசத்தைக் கண்ணால் கண்டு எழுதியிருக்கலாம். ஆனாலும் அது ஆறு வகைப் பலங்களில் ஒன்றாக நின்றுவிடுகிறது. தூரத்தின் இருமடி, மும்மடி என்ற கணக்கு எங்கும் வருவதில்லை.

நிறையும் அப்படியே. வியாழன் புதனைப் போல 5,700 மடங்கு நிறை கொண்டது, கட்டத்தில் இரண்டும் ஆளுக்கொரு கிரகம். செவ்வாயைவிட 160 மடங்கு நிறையுள்ள நெப்டியூன் 1846-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு நம் ஜாதகத்தில் பங்கே இல்லை. மாறாக ராகுவுக்கும் கேதுவுக்கும் 18 ஆண்டு, 7 ஆண்டு தசைகள், அதாவது அவை ஒருவரின் வாழ்வை ஆள்வதாகச் சொல்லும் காலங்கள். அவை பொருள்களே அல்ல. சந்திரனின் பாதை சூரியப் பாதைக்கு 5 பாகை சாய்ந்திருப்பதால் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள். கிரகணம் கணிக்க அவை மிகவும் தேவை. விசை தர அங்கே எதுவும் இல்லை. பார்வைகளும் இப்படித்தான். தான் நிற்கும் கட்டத்திலிருந்து எண்ணி, சனி 3, 7, 10-ஆம் கட்டங்களைப் பார்க்கும், செவ்வாய் 4, 7, 8-ஐ, குரு 5, 7, 9-ஐ. ஒவ்வொரு பொருளுக்கும் வெவ்வேறு கோணங்களில் மட்டும் வேலை செய்து, இடையில் அணைந்துவிடும் விசை இயற்கையில் கிடையாது.

இடத்தைப் பற்றியும் ஒரு நுட்பமான சிக்கல் உண்டு. சந்திரன் அருகில் இருப்பதால், பூமியின் மையத்திலிருந்து பார்க்கும் இடத்துக்கும் பிறந்த ஊரிலிருந்து பார்க்கும் இடத்துக்கும் கிட்டத்தட்ட 1 பாகை வரை வித்தியாசம் வரும். நம் சித்தாந்த நூல்கள் இதை நன்றாக அறிந்திருந்தன. லம்பனம் என்று பெயரிட்டு, சூரிய கிரகணக் கணிதத்தில் அதைத் திருத்தினார்கள்; திருத்தாவிட்டால் கிரகணம் தப்பிவிடும். ஜாதகத்தில் மட்டும் பூமி மையக் கணக்கை அப்படியே எடுக்கிறார்கள். சுக்கிர தசையில் பிறந்த குழந்தைக்கு ஒரு நட்சத்திரத்தின் அகலமான 13 பாகை 20 கலை என்பது 20 வருடம், ஆகவே 1 பாகை என்பது ஒன்றரை வருடம். தாக்கம் குழந்தை கிடக்கும் இடத்தில் வந்து விழுகிறது என்றால் தசை இருப்பு, அதாவது பிறக்கும்போது அந்தத் தசையில் மிச்சமிருக்கும் காலம், ஒன்றரை வருடம் வரை மாற வேண்டும். மாற்றாமலேயே பலன் பலிக்கிறது என்று சொல்கிறவர்கள், பலன் சந்திரனின் உண்மை நிலையைச் சார்ந்ததல்ல என்றுதான் சொல்கிறார்கள்.

இதன் பெரிய வடிவம் இருவகைப் பஞ்சாங்கங்கள்: பழைய வாய்பாடுகளைப் பின்பற்றும் வாக்கியமும், இன்றைய வானியல் அளவுகளால் திருத்திய திருக்கணிதமும். திருக்கணிதப்படி சனி கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி, திருநள்ளாற்றில் விழா நடந்தது, 2023 டிசம்பர் 20. இடையில் 11 மாதம். வானத்தில் இருப்பது ஒரே சனி. டிசம்பர் 20 அன்று அது இந்த இரு கணக்குகளில் ஏறத்தாழ 8 பாகை தள்ளித் தள்ளி நின்றது, அதாவது முழுநிலவின் அகலத்தைப் போல 16 மடங்கு. தொலைநோக்கியில் சனி தென்படுவது திருக்கணிதம் காட்டும் இடத்தில். அந்த 11 மாதமும் மகர ராசிக்காரருக்கு ஏழரைச் சனியின் நடுப்பகுதியான ஜென்மச் சனியா, கடைசிப் பகுதியான பாதச் சனியா என்பது எந்தப் பஞ்சாங்கம் வாங்கினார் என்பதைப் பொறுத்தது. இரண்டு தரப்பிலும் பலன் சரியாக நடந்தது என்று மனமாரச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சனியின் கதிரோ ஈர்ப்போ காரணம் என்றால் இரண்டில் ஒரு தரப்பாவது தொடர்ந்து தப்பியிருக்க வேண்டும், அந்தத் தப்பு யார் கண்ணுக்காவது பட்டிருக்க வேண்டும்.

ராசியின் தொடக்கப் புள்ளியிலும் இதே நிலை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், பருவங்களை வைத்து அளக்கும் தொடக்கத்துக்கும் நட்சத்திரங்களை வைத்து அளக்கும் தொடக்கத்துக்கும் 72 ஆண்டுக்கு 1 பாகை வீதம் வித்தியாசம் கூடுகிறது. இதுதான் அயனாம்சம்; லாகிரி என்ற கணக்குப்படி அது இப்போது 24 பாகையைத் தாண்டிவிட்டது. ராமன் என்ற இன்னொரு கணக்கில் அது ஒன்றரைப் பாகை குறைவு. மேற்கத்திய முறை அயனாம்சமே பார்ப்பதில்லை, ஆகவே உலகில் ஐந்தில் நான்கு பேருக்குச் சூரிய ராசி அங்கே ஒன்று, இங்கே ஒன்று. சூரியன் உண்மையில் வடக்கே திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நாம் உத்தராயணம் கொண்டாடுவது தை முதல் நாள். பண்டிகைக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. சூரிய வெப்பத்தின் அடிப்படையில் ராசிபலன் வந்தது என்று விளக்கம் சொல்வதற்கு மட்டும் இது இடம் தராது.

ராகுகாலத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. திங்கள் 7.30 முதல் 9, சனி 9 முதல் 10.30 என்று அது கிழமையைப் பின்தொடர்கிறது. ஜாதகத்தில் வரும் எந்தக் கிரகமும் 7 நாள் சுழற்சியில் இயங்குவதில்லை, இங்கே திங்கள் காலை என்றால் அமெரிக்காவில் அது இன்னும் ஞாயிறு.

ஒரு நியாயமான எதிர்வாதத்துக்கு வருகிறேன். இன்று நமக்குத் தெரியாத விசை ஒன்று இருக்கலாமே? இருக்கலாம். 1975-இல் 186 விஞ்ஞானிகள் சோதிடத்துக்கு எதிராகக் கையெழுத்திட்ட அறிக்கையில் வானியலாளர் கார்ல் சேகன் கையெழுத்திட மறுத்தார். சோதிடத்தை நம்பியதால் அல்ல; காரணம் தெரியவில்லை என்பது மட்டுமே ஒன்றை மறுக்கப் போதாது என்பதால். கண்டங்கள் நகர்கின்றன என்று வேகனர் 1912-இல் சொன்னபோதும் எந்த விசை நகர்த்துகிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் அவர் சொன்னது சரியாகவே இருந்தது. வித்தியாசம் என்னவென்றால் அவரிடம் சான்று இருந்தது: பொருந்தும் கரைகள், இரு கரையிலும் ஒரே புதைபடிவங்கள். ஆக, விசையை விட்டுவிட்டு விளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் நாட்டிலேயே நல்ல சோதனை ஒன்று நடந்திருக்கிறது. வானியலாளர் ஜயந்த் நார்லிகரும் நரேந்திர தாபோல்கர் உள்ளிட்ட சகாக்களும் மகாராஷ்டிரத்தில் 200 ஜாதகங்களைத் திரட்டினார்கள். 100 படிப்பில் சிறந்த மாணவர்களுடையவை, 100 மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுடையவை. சோதிடர் ஒவ்வொருவருக்கும் அதில் 40 கொடுத்து, எது எந்த வகை என்று கேட்டார்கள். விடை அனுப்பிய 27 பேரின் சராசரி 46 சதவீதம்; அதிகபட்சம் 40-க்கு 24. ஒரு சோதிட நிறுவனம் 200-ஐயும் வாங்கி 102 சரியாகச் சொன்னது. காசு சுண்டினாலும் 100 வரும். முடிவுகள் 2009-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வெளிவந்தன. மேற்கத்திய முறைக்கு ஷான் கார்ல்சன் 1985-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட சோதனை உண்டு. ஒரு ஜாதகத்துக்கு மூன்று ஆளுமைக் குறிப்புகள் கொடுத்து எது பொருந்துகிறது என்று கேட்டார். பாதிக்குப் பாதி சரியாகச் சொல்வோம் என்ற சோதிடர்கள் மூன்றில் ஒன்றுதான் சரியாகச் சொன்னார்கள். அதன் புள்ளியியல் மீது பின்னாளில் விமர்சனங்கள் வந்தன, பாதி என்ற இலக்கு எட்டப்படவில்லை என்பது மாறவில்லை.

பிறகு ஏன் பலருக்குப் பலித்ததாகத் தோன்றுகிறது? 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கும் ஆளுமை ஆய்வு முடிவு என்று ஒரே வாசகத்தைத் தனித்தனியாகக் கொடுத்தார். தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று அவர்கள் 5-க்குப் போட்ட சராசரி மதிப்பெண் 4.26. யாரும் ஏமாளிகள் அல்ல. பொதுவான சொற்களில் தன் வாழ்க்கையைப் பொருத்திப் பார்ப்பது எல்லா மனங்களும் செய்வது. பிறந்த மாதத்துக்கும் சில உண்மையான தொடர்புகள் உண்டு. பள்ளி சேர்க்கைத் தேதிக்கு முன்னும் பின்னும் பிறந்தவர்கள் வகுப்பில் ஒரு வயது மூத்தவர்களாகவோ இளையவர்களாகவோ ஆகிறார்கள், அது படிப்பிலும் விளையாட்டிலும் தெரிகிறது. நாடு மாறி, சேர்க்கைத் தேதி மாறினால் அந்த விளைவும் மாறிவிடும். ஆகவே அது கிரகத்தின் வேலை அல்ல.

நீங்களே சோதிக்க விரும்பினால் செய்யக்கூடியதுதான், ஆனால் கெட்டுப்போகும் இடங்கள் தெரிய வேண்டும். எதைக் கண்டுபிடிப்பது என்பதைச் சோதிடரே முன்கூட்டித் தேர்ந்தெடுக்கட்டும்: அரசு வேலையா சொந்தத் தொழிலா என்பது போல, இரண்டில் ஒன்றாக, ஆவணத்தில் சரிபார்க்கக்கூடியதாக. வகைக்கு 20 வீதம் 40 ஜாதகம். பெயர் கூடாது, சாதியும் ஊரும் அதில் தெரிந்துவிடும். பிறந்த தேதியை நீக்கினாலும் போதாது, ஏனென்றால் சனியும் குருவும் நிற்கும் இடத்தை வைத்தே ஆண்டைச் சொல்லிவிடலாம். ஒரு தலைமுறையில் அரசு வேலை அதிகம், அடுத்ததில் குறைவு என்றால் வயதே விடையைக் காட்டிக்கொடுக்கும். அதனால் இரு வகையிலும் ஒரே பிறந்த ஆண்டுகள் ஜோடி ஜோடியாக வர வேண்டும். பிறந்த நேரம் மருத்துவமனைப் பதிவிலிருந்து வேண்டும். லக்னம், அதாவது பிறக்கும் நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசிப் புள்ளி, 4 நிமிடத்துக்கு 1 பாகை நகர்கிறது, ராசியை ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்ச லக்னம் 13 நிமிடத்தில் மாறிவிடுகிறது, "சாயங்காலம் ஆறு மணி சுமாருக்கு" என்பது உதவாது. ஜாதகத்தைக் கையில் கொடுப்பவருக்கு விடை தெரிந்திருக்கக் கூடாது, முகக்குறிப்பே போதும். தேர்ச்சி மதிப்பெண்ணைத் தொடங்கும் முன் எழுதிவையுங்கள்: 40-க்கு 28. குருட்டுவாக்கில் அதை எட்டுவது நூறு பேரில் ஒருவருக்கும் குறைவு. முடிவு வந்த பிறகு "அந்த ஜாதகத்தில் பிறந்த நேரம் தவறு" என்று எதையும் நீக்கக் கூடாது. பல சோதிடர்கள் பங்கெடுத்தால் முதலில் வந்தவரை மட்டும் காட்டாதீர்கள். 27 பேர் காசு சுண்டினால் அவர்களில் ஒருவர் 25 எடுப்பது சாதாரணம். முதலில் வந்தவருக்குப் புதிதாக 40 கொடுங்கள். அவரிடம் ஏதாவது இருந்தால் மறுபடியும் தெரியும்.

கடைசியாக, இந்தக் கேள்வியைப் பலர் கேட்பது ஒரு திருமணப் பேச்சின் நடுவில் என்பதால் ஒரு கணக்கு. செவ்வாய் 2, 4, 7, 8, 12-ஆம் கட்டங்களில் இருந்தால் தோஷம் என்று லக்னத்திலிருந்து மட்டும் பார்த்தாலே 12-க்கு 5, அதாவது 42 சதவீதம் பேருக்கு அது உண்டு. சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகையில் வந்துவிடும். விதிவிலக்குப் பட்டியல் இவ்வளவு நீளமாக இருப்பது அதனால்தான். "ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்" என்ற சொல்லைப் பாருங்கள்; மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்பது நம்பிக்கை. சந்திரன் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் மூல நட்சத்திரத்தில் நிற்கிறது. அதே நிமிடம், அதே மருத்துவமனையில் பிறந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் அதே சந்திரன், அதே தூரம், அதே ஈர்ப்பு, அதே ஒளி. அதில் பெண்ணுக்கு மட்டும், அதுவும் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, பிறந்த அன்று அவளுக்கு யாரென்றே தெரியாத ஒரு மாமனார் மேல் போய் விழும் தாக்கத்தை இயற்பியலின் எந்தச் சமன்பாட்டிலும் எழுத முடியாது.